ஆறு எண்

அந்தச் சலவைக் கடைக்கு இரண்டு முதலாளிகள். முன்பக்கம் துவைக்கிற இயந்திரங்களோடும் கம்ப்யூட்டரோடும் அண்ணன். பலகைத் தடுப்புக்குப் பின்னால் இஸ்திரி மேசையோடு தம்பி. ஐந்து வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. புது இயந்திரம் வாங்குவதில் வந்த சண்டையில், "நீ இல்லாட்டியும் கடை ஓடும்டா" என்று அண்ணன் வாய் தவறிச் சொல்லிவிட்டார். தவறி வந்ததா, வேண்டுமென்றே வந்ததா என்பது அவருக்கே வெளிச்சம். அன்றைக்கு மூடிய வாயைத் தம்பி திறக்கவே இல்லை. கறை போகாத துணியில் சீட்டு குத்தித் திருப்பி அனுப்புவான். அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில் வரி வேறு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இணையத்தில் கணக்குத் தாக்கல் செய்து பணம் கட்ட வேண்டும். முதன்முதலில் பதிவு செய்த நாளில் அண்ணனின் போன் சார்ஜ் இல்லாமல் கிடந்ததால் தம்பியின் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இங்கே அண்ணன் பொத்தானை அழுத்தினால், ஆறு எண் கொண்ட ஓடிபி அங்கே தம்பியின் போனுக்குப் போகும். போன் எண்ணை மாற்ற இருவரும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சேர்ந்து போவதாவது! ஆகவே ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. அண்ணன் அழுத்துவார், தடுப்புக்குப் பின்னால் போன் 'டிங்' என்னும், அரை நிமிஷத்தில் அந்த ஆறு எண்ணும் குறுஞ்செய்தியாக அவருக்கு வந்து சேரும். கூட ஒரு எழுத்து இருக்காது. ஒரு தடவைகூடத் தம்பி தாமதித்ததில்லை.

அன்றைக்குக் கடைசி நாள். கட்டாவிட்டால் பதிவு ரத்து. பதிவு போனால் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கிற ஒப்பந்தமும் போகும். அதுவும் போனால் இரண்டு குடும்பமும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருந்த இணையதளம் பதினொன்றே முக்காலுக்குத்தான் வழிவிட்டது. அண்ணன் பொத்தானை அழுத்தினார். பின்னால் 'டிங்'.

அரை நிமிஷமாயிற்று. குறுஞ்செய்தி வரவில்லை. தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது.

ஐந்து வருஷத்தில் முதல் அழைப்பு. அண்ணன் ஒரு கணம் திரையையே பார்த்தார். அடுத்த கணமே சுருக்கென்று கோபம். "குடுமி கையில சிக்கிருச்சுன்னு இன்னைக்குப் பாத்துப் பேசணுமாக்கும்! மன்னிப்புக் கேக்கச் சொல்லுவான்" என்று முனகிக்கொண்டே அழைப்பைத் துண்டித்தார். மறுபடியும் அடித்தது. மறுபடியும் துண்டித்தார்.

பிறகு அடிக்கவில்லை. அவர் மீண்டும் பொத்தானை அழுத்தினார். 'டிங்'. ஒன்றும் வரவில்லை.

"சில பேருக்கு வீம்பு காட்ட இன்னைக்குத்தான் நேரம் கெடைச்சிருக்கு!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். பதில் இல்லை. பதில் இல்லாதது அந்தக் கடையில் புதிதா என்ன? எட்டடி நடந்து தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்திருக்கலாம். பார்த்தாரா மனுஷன்? போனால் தோற்றது போல ஆகிவிடுமாம்! மூன்றாம் தடவை, நான்காம் தடவை அழுத்தினார். 'டிங்', 'டிங்'. அதோடு இணையதளம், ஒரு மணி நேரம் கழித்து வரச்சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டது. நடுவில் தம்பியின் போன் பல தடவை அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்காமல் அழிச்சாட்டியம் பண்ணுகிறான் என்று இவர் பல்லைக் கடித்தார்.

ஒன்று பத்துக்குத் தம்பியின் மனைவி இவரை அழைத்தாள்.

"மாமா, அவரு இன்னும் சாப்பிட வரல. எத்தனை தடவ அடிச்சாலும் போன எடுக்க மாட்டேங்கிறாரு. காலையிலயே தோளு வலிக்குதுன்னாரு மாமா, போகாதீங்கன்னேன். 'இன்னைக்கு வரி கட்டுற நாளு, நான் இல்லேன்னா அண்ணன் தவிச்சுப் போயிருவாரு'ன்னு கெளம்பிட்டாரு. கொஞ்சம் எட்டிப் பாக்குறீங்களா?"

அந்த எட்டடியை அவர் எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. தம்பி மேசைக் காலில் சாய்ந்து தரையில் கிடந்தான். இஸ்திரிப் பெட்டி மேசைமேல் நிமிர்ந்து நின்றது. விரிப்பு கருகிவிடக் கூடாதென்று அதை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறான்.

"டேய்! எந்திரிடா! அண்ணன்டா!"

கை சில்லிட்டிருந்தது. அதிலிருந்த போனைத் தொட்டதும் திரை எரிந்தது. அண்ணனுக்கு எழுதத் தொடங்கி அனுப்பாமல் விட்ட செய்தி. அதில் நான்கு எண்கள் இருந்தன. இன்னும் இரண்டுதான் பாக்கி.

ஆஸ்பத்திரியில் தம்பியைக் கிடத்தியிருந்த விரிப்பின் மூலையில் அவர்கள் கடை முத்திரை இருந்தது. இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. பெண் டாக்டர் நாடியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"உயிர் போயி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சுங்க. வலி எப்ப வந்துச்சுன்னு ஏதாவது தெரியுமா?"

"பதினொன்னு நாப்பத்தாறு."

"இவ்வளவு சரியா சொல்றீங்க. உடனே கொண்டுவந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாமே. பக்கத்துல யாருமே இல்லையா?"

தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த தம்பியின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து, துண்டித்த இரண்டு அழைப்புகளையும் அவள் முன்னால் நீட்டினார்.

"நான் இருந்தேம்மா" என்றார். "ரெண்டு தடவ கூப்பிட்டான்."