கடற்காற்றைக் கேட்டுப் போட்ட பந்தி

கடுகண்ணாவைக் கணவாயைத் தாண்டி எந்தக் கடற்காற்றும் கண்டிக்கு வந்ததில்லை, இனி வரப்போவதுமில்லை. பல்கலைக்கழக விவாத அணித் தலைவன் றொமேஷ் இதைக் குண்டசாலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அறிவித்தபோது, மறுத்துப் பேச அக்கா தினுஷா ஒருத்திதான் இருந்தாள்.

அவளுக்கு நிச்சயமான யுகேஷுக்கு மேற்குக் கடலோர நீர்கொழும்பில் வங்கி வேலை. தினமும் பகலில் அழைப்பான். அவள் கேட்கும் முதல் கேள்வி, "காத்து வந்துருச்சா?"

"இது காதலா, வானிலை அறிக்கையா?" என்றான் றொமேஷ்.

"தரை சூடானா கடக்காத்து உள்ள வரும்டா. மேக்க இருந்து ஒன்னு, கெழக்க இருந்து ஒன்னு. ரெண்டும் நம்ம மலையில முட்டித்தான் பின்னேரம் இடி மழை. அங்க வெள்ளன வந்தா இங்கயும் வெள்ளன."

"ரெண்டும் வந்து சந்திக்கக் கண்டி என்ன பஸ் ஸ்டாண்டா?"

தவக்காலத்தில் கலியாணம் இல்லை. ஆகவே ஊர்க் கத்தோலிக்கர் எல்லாரும் பாஸ்குத் திருநாள் முடிந்த கையோடு, சரியாக இடி மழை மாதம் பார்த்து, மணமுடிப்பார்கள். மண்டபம் ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மா பியட்றிஸ் வீட்டுத் தோட்டத்திலேயே மேசை போட்டார். பந்தல் வெயிலை மட்டும் மறைக்கும். ஒரே மகளின் விருந்து நனைந்துவிடுமோ என்று அவருக்குத் தூக்கமில்லை.

பூசை முடிந்ததும் மணமக்களைப் பேராதனைப் பூங்காவுக்குப் படமெடுக்கக் கொண்டுபோவது வழக்கம். விருந்தாளிகள் பசியோடு காத்திருப்பதும் வழக்கம். கலியாணத்தன்று தினுஷா கோயில் வாசலிலேயே முக்காட்டை ஒதுக்கி, முழங்கால் வலியால் நீர்கொழும்பிலேயே நின்றுவிட்ட யுகேஷின் சித்தியை அழைத்தாள்.

"இன்னைக்கு ரொம்ப வெள்ளனவே வந்துருச்சாம். படம் பொறகு. மொதல்ல சாப்பாடு."

"மச்சான், இப்பக்கூட ஓடிரலாம்," என்றான் றொமேஷ்.

யுகேஷ் ஓடினான், பந்திக்கு.

கடைசி ஆள் கை கழுவும்போது முதல் இடி விழுந்தது. பியட்றிஸ் புனித அந்தோனியாருக்கு நன்றி சொன்னார். சித்திக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னார். பிறகு மகளைக் கட்டிக்கொண்டு, "ஒரு பருக்க நனையலடி, தங்கம்," என்று அழுதார். வீட்டுக்குள் நெருக்கியடித்து நின்றவர்கள் வயிறு நிறைந்த முகத்தோடு மழையைப் பார்த்தார்கள்.

"தற்செயல்," என்று றொமேஷ் சபைக்குத் தெரிவித்தான். கையில் மூன்றாவது கேக் துண்டு இருந்தது.

மறுநாள் தினுஷா நீர்கொழும்பில். இரவல் வாங்கிய மேசைத்துணி முழுவதையும் அம்மா துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். வானத்தில் ஒரு மேகமில்லை. றொமேஷ் தொலைபேசியோடு தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் நின்றான்.

"அக்கா, சாப்டியா? இல்ல, சும்மாதான்."

சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அங்க காத்து வந்துருச்சா?"