ஆனைமலை பஸ்ஸுக்குப் பத்தொன்பது நாள்

எங்கள் காரின் கண்ணாடியை உடைத்து யாரோ பாட்டுப்பெட்டியை எடுத்துப் போய்விட்டார்கள். சரிசெய்யப் பதினைந்து நாள் ஆகும் என்ற பட்டறைக்காரர் ஆறுச்சாமி, வழக்கப்படி, அதுவரை வைத்துக்கொள்ள ஒரு பஸ் நிறுத்தத்தைக் கொடுத்தனுப்பினார். தகரக் கூரை, சிமெண்ட் பெஞ்சு, காத்திருப்பவர்கள் மூன்று பேர்.

மினி லாரியில் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் நட்டார்கள். ஆறுச்சாமி ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்.

"திருப்பிக் குடுக்கறப்ப மூணு பேரும் இருக்கோணுங்க சார். ஒருத்தர் கொறைஞ்சாலும் அது நிறுத்தம் ஆகாதுங்க."

நியாயமான பேச்சு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலையிலேயே டவுன் பஸ் வந்து நின்றது. அதில் ஏறித்தான் பள்ளிக்கூடம் போனேன். நான் ஓவிய ஆசிரியர். காரில் போகும்போது முன்னால் போகிற லாரியின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். இப்போது ஒரு பஸ் முழுக்க மூக்குகள். ஒரே வாரத்தில் ஒரு நோட்டு நிறைய வரைந்து தள்ளிவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கார் ஞாபகமே வரவில்லை.

என் மனைவி கோகிலவாணிக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. அந்தப் பாட்டுப்பெட்டி எந்தப் பாட்டானாலும் இரண்டாவது சரணத்தில் நின்றுவிடும். இடது மூலையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் மேலே பாடும். திருடனுக்கு இது தெரியாதே, பாவம், பாதிப் பாட்டோடு தவிப்பானே என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காத்திருந்த மூவரில் ஒருவர் தூங்குபவர். ஒருவர் பேப்பர் படிப்பவர். மூன்றாவது ஆள் ருக்குமணி அம்மாள். மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். அது அசைந்தால் வளையல் சத்தம் கேட்கும். ஆனைமலையில் மகளுக்கு வளைகாப்பு என்று ஏழாம் மாதத்தில் கிளம்பியவர்.

"இப்ப ஒம்பதாம் மாசமுங்க," என்றார், கோகிலா கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே. "கொழந்த பொறக்கறதுக்குள்ள கையில போட்டு உட்டரோணும். நானும் ஒவ்வொரு ஊட்டு வாசலா இந்த நிறுத்தத்தோடயே போயிட்டிருக்கறனுங்க."

சிக்கல் இதுதான். டவுன் பஸ் ஒரே நாளில் பழகிவிடும். வெளியூர் பஸ் கூச்ச சுபாவம் உள்ளது. ஒரு நிறுத்தத்தை ஒரே இடத்தில் பத்தொன்பது நாள் பார்த்தால்தான் நிற்கும். ஆறுச்சாமியோ சொன்ன தேதி தவறாத மனிதர். எல்லாக் காரையும் பதினைந்தாம் நாளே கொடுத்துவிட்டு நிறுத்தத்தைத் தூக்கிப் போய்விடுவார். ஊரில் அவருக்கு நல்ல பெயர். ருக்குமணி அம்மாளுக்கு மட்டும் அந்த நல்ல பெயரால் இரண்டு மாதம் போயிருந்தது.

எங்கள் வாசலை ஆனைமலை பஸ் தினமும் மெதுவாகப் பார்த்துக்கொண்டே கடந்து போயிற்று. ருக்குமணி அம்மாள் ஒவ்வொரு முறையும் எழுந்து, பையை அணைத்தபடி மறுபடி உட்காருவார்.

பதினைந்தாம் நாள் காலை, கார் தயார் என்று ஆறுச்சாமி போன் செய்தார். கோகிலா சமையலறைக்குப் போய் அம்மிக்குழவியை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

"வலது பக்கத்துக் கண்ணாடி இன்னும் நல்லாத்தான இருக்குது?" என்றாள்.

பட்டறைக்குப் போய், எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, என் காரின் வலது பக்கக் கண்ணாடியை உடைத்தேன். ஒரே அடியில் உடைந்தது. ஆறுச்சாமி கண்ணாடியைக் கூட்டிப் பெருக்கிவிட்டு விரல் விட்டு எண்ணினார்.

"இதுக்கு நாலு நாளாகுமுங்க."

"மெதுவாவே செய்யுங்க," என்றேன்.

பத்தொன்பதாம் நாள் காலை பத்தேகாலுக்கு ஆனைமலை பஸ் எங்கள் வாசலில் தயங்கித் தயங்கி நின்றது. பேப்பர் படிப்பவர் பேப்பரை மடித்தார். தூங்குபவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். ருக்குமணி அம்மாள் படியேறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"கொழந்தயப் பார்க்க ரெண்டு பேரும் வந்தரோணுங்க!"

வளையல் சத்தம் தெருமுனை வரை கேட்டது. கோகிலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

மாலையில் ஆறுச்சாமி காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, நிறுத்தத்தில் ஆட்களை எண்ணினார். தூங்குபவர், பேப்பர் படிப்பவர், நான். சரியாக இருந்தது. பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டிருந்ததால் எனக்கும் அவசர வேலை ஒன்றுமில்லை. மூவரையும் பெஞ்சோடு மினி லாரியில் ஏற்றி, ஊரின் மறுகோடியில் ஒரு வீட்டு வாசலில் இறக்கினார்கள்.

வீட்டுக்காரர் இளைஞர், மரியாதையானவர். காபி கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணத்தில் நின்றது. அவர் சங்கடத்துடன் பின்கழுத்தைச் சொறிந்தார்.

"வந்த நாள்லருந்து இப்படித்தானுங்க. முழுப் பாட்டு ஒண்ணுகூடக் கேட்டதில்லீங்க."

"இடது மூலையில ரெண்டு தட்டுத் தட்டுங்க," என்றேன்.

உள்ளே போனார். இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது. பாட்டு தொடர்ந்தது. முழுதும் முடியும் வரை அவர் வெளியே வரவே இல்லை.

மறுநாள் மதியம் கோகிலா சாப்பாட்டுக் கூடையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். காரை எடுக்க அவளுக்குத் தோன்றவே இல்லையாம். நடந்ததைச் சொன்னேன்.

"அப்பாடா," என்றாள். மூன்று வாரக் கவலை அவள் முகத்தை விட்டுப் போனது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆனைமலையில பொண்கொழந்தயாமா. போன் வந்துது. ரெண்டு கையிலயும் வளையலோடதான் பெத்திருக்குது."

அந்த நேரம் ஆனைமலை பஸ் எங்களை ஓரக்கண்ணால் பார்த்தபடி கடந்து போயிற்று. முதல் நாள்.

"இவங்க காரு எப்பக் கெடைக்குமாமா?"

"பதினஞ்சாம் நாள்."

கோகிலா கூடையின் அடியிலிருந்து அம்மிக்குழவியை எடுத்துப் பெஞ்சுக்கு அடியில் வைத்தாள். அதன் மேல் காலை வைத்துக்கொண்டேன். உயரம் சரியாக இருந்தது.