கதவுக்கு வெளியே நின்று கேட்டவள்

1

இந்தக் கதை எனக்கு மேல்மாடியிலிருந்து கிடைத்தது. பாதியை சீலிங் வழியாகக் கேட்டேன். மீதியை மாடி வீட்டு நர்ஸ் படிக்கட்டில் நின்று சொன்னாள். எது எந்தப் பாதி என்று இப்போது எனக்கே குழப்பம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘இசைக்கு மொழி கிடையாது என்பதை அந்த இரண்டு பெண்களும்...’ அடித்துவிட்டேன். அந்த வீட்டில் சிக்கலே ஒரே மொழி பேசுகிற இருவருக்குள்தான்.

2

நர்ஸின் மகள் வயலின் வாசிப்பவள், பதினாறு வயது. இரண்டு நாட்டுப் பிள்ளைகளை ஜோடி சேர்த்து, சேர்ந்தே ஒரு பாட்டு உண்டாக்கி, கடைசி நாள் விழாவில் மேடையேற்றச் சொல்லும் இசை முகாமில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவளுடைய ஜோடி, தோளில் அக்கார்டியன் என்னும் துருத்திப் பெட்டியோடு வந்து இறங்கிய ஒரு நெட்டைப் பெண். முகாம் முடியும்வரை இவர்கள் வீட்டில்தான் தங்கல். மகள் வைத்த பெயர் கொக்கு. (நிஜப் பெயரை நர்ஸ் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொன்னாள். கொக்கே இருக்கட்டும்.)

கொக்கு கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பாள். தப்பு வந்தால் கெக்கபிக்கவென்று சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. டியூட்டி முடிந்து வரும் நர்ஸ், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். மகள் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பாள்.

3

(கொக்கை இவ்வளவு நல்லவளாக எழுதுவதில் எனக்குச் சந்தேகம். எங்கிருந்தோ வந்து எல்லோரையும் திருத்தும் விருந்தாளியை நானே நம்ப மாட்டேன். ஆகவே சொல்லிவிடுகிறேன்: குளியலறையைக் குளமாக்குவாள், மகளின் சீப்பைக் கேட்காமல் எடுப்பாள்.)

சண்டை ஒரு சாயங்காலம் வெடித்தது.

“அவ வாசிச்சா மட்டும் வாயைப் பொளந்துகிட்டு உக்காந்து கேக்குற. என் வாசிப்பை என்னிக்காவது கேட்டிருக்கியாம்மா? நான் அவகூட மேடை ஏற மாட்டேன்.”

“தினம் கேக்குறேனேடி.”

“பொய்.”

“கதவுக்கு வெளியில நின்னு கேப்பேன். உள்ள வந்தா நிறுத்திடுவியே.”

“நீதானே சொன்ன? ‘ராத்திரியெல்லாம் முழிச்சிட்டு வந்திருக்கேன், அந்தச் சத்தத்தை நிறுத்து’ன்னு. எனக்கு அப்போ எட்டு வயசு.”

“நானா சொன்னேன்?”

படிக்கட்டில் என்னிடம் சொல்லும்போது நர்ஸ் இந்த இடத்தில்தான் நின்றுபோனாள். “சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லைங்க. அவ மனசுல வச்சிருக்கா பாருங்க” என்று கைப்பிடிச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

4

முடிவுகள்.

விழா அரங்கு, கைதட்டல், முதல் வரிசையில் அம்மா. எழுதினேன், எனக்கே கூச்சமாக இருந்தது, கிழித்தேன். கொக்கு தனியாக மேடை ஏறுகிறாள், மகள் வீட்டில்... இல்லை, மனசு வரவில்லை.

உண்மையில் மறுநாள் நான் கேட்டது இது. அக்கார்டியன் கூடத்திலிருந்து அறைக்கு மாறியிருந்தது. மகள் கூப்பிட்டாளா, கொக்கு தானாகப் போனாளா, தெரியாது. இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. வயலின் ஓர் இடத்தில் இடறியது. கொக்கு சிரித்தாள். பிறகு இன்னொரு சிரிப்பு; அதை அந்த வீட்டிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. மறுபடி முதலிலிருந்து.

இதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. அதனால் மாடி ஏறிப் பார்க்கிறேன்; கதை எழுதுகிறவளுக்கு அந்தச் சலுகை உண்டு. அறைக் கதவு திறந்திருக்கிறது. நர்ஸ் வந்து நின்றதும் வயலின் நிற்கிறது.

“ஏன்டி நிறுத்திட்ட?”

“இன்னும் சரியா வரலைம்மா.”

“வராட்டி என்ன? நான் இங்க உக்காந்துக்கட்டுமா?”

கொக்குக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனாலும் அக்கார்டியனை மூடாமல் காத்திருக்கிறாள்.

மகளின் பதிலை எழுதி எழுதி அடித்துவிட்டேன். நீங்களும் யாருக்கோ பிள்ளைதானே, நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம்: அம்மா கையில் நாற்காலியோடு நிற்கிறாள், டியூட்டிக்கு வேறு கிளம்ப வேண்டும்.