பலகைத் தடுப்புக்கு இரு பக்கமும்

"நிறுத்துடி அந்தத் தையல் மெஷினை!"

"மாட்டேன் அண்ணி! ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சா பாவமில்லைன்னு போதகரே சொல்லிட்டாரு. எனக்கு விடுதலை கிடைச்சாச்சு!"

"உனக்கு விடுதலை, உங்கண்ணனுக்குத் தண்டனையா?"

தெருவே ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டது. தையல்காரிக்கு வாரமெல்லாம் கம்பெனியில் அடுத்தவர் சட்டைக்குக் காலர் தைக்கும் வேலை. சொந்தமாகத் தைத்துப் பெயரெடுக்க ஞாயிறு பிற்பகல் ஒன்றுதான் உண்டு. அண்ணனுக்கோ ரொட்டிக்கடையில் இரவு வேலை, விடிந்தால் ரொட்டி வண்டியும் அவர்தான் ஓட்ட வேண்டும். காலை நீட்டித் தூங்க அவருக்கும் அதே பிற்பகல்தான். மெஷினுக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான்.

தையல்காரி விறுவிறுவென்று போதகர் வீட்டுக்குப் போனாள். அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அண்ணிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

"தைக்க உனக்கு உரிமை இருக்கும்மா. தைக்காம இருக்கவும் உரிமை இருக்கு. அண்ணன் மேல இருக்கற அன்பு எதைச் செய்யச் சொல்லுது?"

"வழக்கைத் தீருங்கன்னா, திருப்பி என் தலையிலயே கட்டறீங்களே!"

பொருமிக்கொண்டே திரும்பியவளுக்குக் கதவைத் திறந்தது அண்ணன். கையில் பெரிய மருந்துக்கட்டு.

"என்னண்ணே இது?"

"ஒண்ணுமில்லம்மா. ராத்திரி அடுப்புகிட்ட நின்னபடியே கண்ணசந்துட்டேன், சுட்டுடுச்சு. நீ தை. எனக்கு அந்தச் சத்தம் பழகிடுச்சு."

அண்ணி கத்தியிருந்தால் பத்து பதில் வைத்திருந்தாள். அண்ணனோ தைக்கவே சொல்கிறார். எரிச்சலில் மெஷினைப் படாரென்று மூடினாள்.

"யாரும் சொல்லி நிறுத்தலை அண்ணி! நானா நிறுத்தறேன், தெரிஞ்சுக்குங்க!"

"தெரிஞ்சுக்கிட்டேன். மெதுவாக் கத்து, இப்பதான் படுத்தாரு."

அடுத்த வாரம் மெஷின் ஆலயத்தின் பின்னறைக்குப் போனது. அங்கேயாவது சொந்த வேலை ஓடும் என்று நினைத்தாள். ஓடுமா? சபைப் பெண்கள் கிழிந்த தலையணை உறைகளோடு வரிசையில் நின்றார்கள். "விடுதலைன்னா இவ்வளவு வேலையா!" என்று முணுமுணுத்தபடியே ஒன்று விடாமல் தைத்துக் கொடுத்தாள்.

ஆலயத்தில் மணியடிப்பவர் மட்டும் வாராவாரம் அதே கால்சட்டையை, அதே தையல் பிரிந்த நிலையில் கொண்டுவந்தார். அவள் திட்டித் திட்டித் தைத்தாள். பிரிப்பது அவரேதான் என்பது அவளைத் தவிரத் தெருவுக்கே தெரியும்.

பிறகென்ன, கல்யாணம். அவருக்கு வேறு ஊர் ஆலயத்தில் வேலை கிடைக்க, மெஷினோடு இருவரும் போய்விட்டார்கள். அண்ணன் ஞாயிறுதோறும் குறட்டை விடுகிறார். அண்ணிதான் சண்டைக்கு ஆளில்லாமல் தெருவை நோட்டம் விட ஆரம்பித்திருக்கிறாள்.