கல்லறை மெழுகும் ரெட்டைக் காயிலும்

இறந்துபோன லூயிசாவையும் வைத்துக்கொண்டு, கிட்டாருக்குப் புது பிக்கப் எது என்று பேசி முடித்த அந்தச் சனிக்கிழமை மத்தியானம், சாந்தோம் வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் வருமாறு: கிட்டார்க்காரர் வில்லியம், பிரம்பு நாற்காலியில், கிட்டார் மடியில்; அவருடைய அக்காள் அல்போன்சா, பள்ளி ஆசிரியை, ஜன்னலோரப் பெஞ்சில், குடையைக் கீழே வைக்காமல்; கோடம்பாக்கத்துப் பாட்டுப் பதிவுகளுக்கு வாத்தியக்காரர்களைச் சேர்த்துவிடும் ராஜநாயகம், சோபாவில்; மயிலாப்பூரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் கணேசமூர்த்தி, தரையில், சால்டரிங் இரும்போடு; லூயிசா, மூலையில் இருந்த ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்.

வில்லியத்தின் மனைவி லூயிசா இறந்தது 1969இல், மஞ்சள் காமாலையில். மறு வருஷம் வில்லியத்தின் கிட்டார் கீச்சிட ஆரம்பித்தது. கம்பிகளுக்குக் கீழே, காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி சுற்றிய ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதுதான் பிக்கப். காயில் எனப்படும் அந்தச் சுற்று தளர்ந்து ஆடினால் கீச்சிடும். ஆடாமலிருக்க உருக்கிய மெழுகில் அதை முக்கி எடுப்பது வழக்கம். கல்லறைத் திருநாளன்று லூயிசாவின் கல்லறையில் வில்லியம் நீல மெழுகுவர்த்திதான் ஏற்றுவார், அவளுக்கு அந்த நிறம் பிடிக்கும் என்பதால். எரிந்து மிஞ்சிய துண்டுகளை வீணாக்காமல் பால்பவுடர் டப்பாவில் உருக்கி, காயிலை முக்கினார். மெழுகு போதவில்லை. சுற்றிலும் இருந்த கல்லறைகளில் மிஞ்சிக் கிடந்த வெள்ளைத் துண்டுகளையும் பொறுக்கி வந்திருந்தார். அவற்றை உருக்கி மேலே இன்னொரு முக்கு முக்கினார். மெழுகு ஆறியதும் ஆம்ப்ளிஃபையரைப் போட்டுக் கம்பியை மீட்டினால், நாதம் வரவில்லை. லூயிசா, பாலைக் காய்ச்சியாச்சா என்று கேட்டாள். ஆச்சு என்று சொன்ன பிறகுதான் வில்லியம் உட்கார்ந்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. லூயிசாவைத் தொடர்ந்து, பக்கத்துக் கல்லறைகளில் இருந்த ஒரு துறைமுகக் குமாஸ்தாவும், கோழியைத் தேடும் ஒரு கிழவியும், இன்னும் சிலரும் பேசினார்கள். சர்ச்சில் பூசை முடிந்ததும் அவரவர் சொந்தக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். சாமியாரும் வந்து கேட்டார். கல்லறையில் எரிந்த மெழுகு கெட்டதைப் பேசாது என்றும், பூசை நேரத்தில் மட்டும் சத்தத்தைக் குறைக்கும்படியும் சொன்னார். பாலும் பேப்பரும் வருகிற மாதிரி அதுவும் வந்துகொண்டிருந்தது.

கோடம்பாக்கத்தில்தான் அப்படி இல்லை. ஒரு காதல் பாட்டின் நடுவில் குமாஸ்தா தொண்டையைக் கனைத்தார். புதுமையாக இருக்கிறதென்று விட்டுவிட்டார்கள். அடுத்த பாட்டில் கிழவி, பாடகியைப் பார்த்து என் கோழியை நீதான் பிடித்தாயா என்று கேட்டபோது பதிவு நின்றது. பொங்கலுக்குள் பிக்கப்பை மாற்றாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியனுப்பினார்கள். வில்லியத்துக்குக் கிட்டாரை விட்டால் வேறு தொழில் தெரியாது.

அதையும் அவர் தாங்கியிருப்பார். தாங்க முடியாதது வேறு. ஸ்டுடியோ விளக்குகளின் சூட்டில் வருஷக்கணக்காக மெழுகு இளகி, உள்ளே இருந்த நீலமும் மேலே இருந்த வெள்ளையும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தன. 1973 ஆனபோது லூயிசாவுக்குக் குமாஸ்தாவின் இருமல் வந்துவிட்டது.

"இதோ பாரு சார், ரெண்டு தினுசு கீது," என்றார் கணேசமூர்த்தி, பம்பாய்க் கடைக்காரர் அனுப்பிய படத்தைத் தரையில் விரித்து. "ஒத்தைக் காயில் போட்டா கம்பி சும்மா கணீர்னு பேசும். ஆனா ட்யூப்லைட்டு, பக்கத்து வூட்டு மோட்டாரு, அல்லாத்தையும் இஸ்துக்கினு வரும். ரெட்டைக் காயில்ல ஒண்ணுக்கொண்ணு எதிரா வேலை செய்யும். வெளிலேர்ந்து வர்ற சத்தம் ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கினு பூடும். கம்பி மட்டும் நிக்கும்."

"வெளியிலேர்ந்துன்னா?"

கணேசமூர்த்தி மூலையைப் பார்த்தார். "அண்ணியும்தான் சார்."

"ரெட்டையே போடு வில்லியம்," என்றார் ராஜநாயகம். "கே.கே. நகர்லேர்ந்து ஒருத்தன் கிட்டார்ப் பெட்டியும் கையுமா ஸ்டுடியோ வாசல்லயே குடியிருக்கான். எத்தனை நாள்தான் உனக்கு ஜுரம்னு சொல்றது? டாக்டரே என்னைக் கேக்கறார்."

"ஒத்தைன்னா கொஞ்சமாவது இழுக்குமில்ல," என்றார் வில்லியம். "அவ மட்டும் வந்தாப் போதும்."

"எவடா தம்பி?" என்றாள் அல்போன்சா. "நேத்து என்னைப் பெரியசாமின்னு கூப்பிட்டு, மூட்டையெல்லாம் இறக்கியாச்சான்னு கேட்டா. நாத்தனாருக்கும் ஹார்பர் மேஸ்திரிக்கும் வித்தியாசம் தெரியாதவளா லூயிசா?"

வில்லியம் கம்பியை மீட்டினார்.

"கேட்டுக்கிட்டுதாங்க இருக்கேன்," என்றாள் லூயிசா. இருமிவிட்டுத் தொடர்ந்தாள். "மீன் குழம்புக்குப் புளி கரைக்க உக்காருறேன். எழுந்திருக்கும்போது கையில கப்பல் ரசீது இருக்கு. எது என்னுதுன்னு எனக்கே தெரியலை. நீங்க தினம் கூப்பிடுறீங்க, நான் தினம் கொஞ்சம் கலந்து போறேன். ரெட்டையே எழுதுங்க."

"அம்மா சொல்றது நியாயம்," என்றது அதே குரல், ஆனால் குமாஸ்தாவாக.

வில்லியம் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். பம்பாய்க் கடைக்காரருக்குக் கடிதத்தில் தேதி, விலாசம், பொருள் என்று வரிசையாக எழுதினார். வேண்டியது ஒற்றையா இரட்டையா என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. ராஜநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இரட்டை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடல் காற்றில் உறையின் பசை செத்துப்போயிருந்தது. எச்சில் தொட்டும் ஒட்டவில்லை.

"மெழுகு வைங்க," என்றாள் லூயிசா. "என் மெழுகு. ஓட்டல்ல வாசிக்க நீங்க பம்பாய் போனப்ப, அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டுப் போறேன்னீங்க."

கணேசமூர்த்தி பிக்கப்பைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். காந்தத்தை ஒட்டி, அடியில், கலக்காத நீலம் கடுகளவு மிச்சமிருந்தது. "காயிலை அறுத்தாத்தான் சார் எடுக்க முடியும். அறுத்தா அப்பால எதுவும் பேசாது. இன்னா சொல்ற?"

வில்லியம் பிக்கப்பை வாங்கித் தன் கையாலேயே அறுத்தார். செப்புக் கம்பி முடிக்கற்றை போல உதிர்ந்தது. ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் நின்றது. அல்போன்சா சிலுவை போட்டுக்கொண்டாள். இரும்பின் சூட்டில் நீலம் ஒரே சொட்டாக உருகி உறைமேல் விழுந்தது. ஆறும்வரை வில்லியம் அதன்மேல் விரலை வைத்திருந்தார்.

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, தெருமுனைத் தபால்பெட்டி வரை தனியாக நடந்துபோய்க் கடிதத்தைப் போட்டார். திரும்பி நாலடி வைப்பதற்குள், எத்தனை மணிக்கு எடுப்பாங்க என்று பெட்டிக்குள்ளிருந்து லூயிசா கேட்டாள், இருமலே இல்லாமல். சைக்கிளில் போய்க்கொண்டிருந்த மீன்காரர், அஞ்சு மணிக்கு வருவான்மா, இன்னும் நேரம் கீது என்று சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டு போனார்.