கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு

மருந்தாளர் பரீட்சையில் முதல் தடவை ஜவுபர் பெயிலானது படிக்காததால் அல்ல. எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளிதான். காலை வாரிவிட்டது கை. கொழும்பில் நடந்த செய்முறைப் பரீட்சையில், கலவை மருந்தைக் கண்ணாடிக் குவளையின் கோடுவரை அச்சொட்டாக ஊற்றினான். ஊற்றிவிட்டு, யாரும் கேட்காமலே மேலே இன்னும் கொஞ்சம் விட்டான். எதற்கென்று பரிசோதகர் கேட்க, "பரக்கத்துக்கு, சேர்" என்றான். அவர் பேனையை எடுத்தார். கதை முடிந்தது.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவன் வாப்பா கல்முனையில் நெல் வியாபாரி. நாவிதன்வெளிப் பக்கத்துக் களங்களில் மரைக்காலால் அளந்து போட்டு, கடைசியில் ஒரு கை அள்ளி மேலே போடாவிட்டால் வாங்குகிறவன் சாக்கைக் கட்டமாட்டான். அந்தக் கையைப் பார்த்து வளர்ந்த கை இது. நிறையக் கொடுத்தால் அல்லாஹ் பரக்கத்துச் செய்வான், உள்ளது பெருகும் என்பதில் ஊரில் எவருக்கும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் கொழும்புக்குத்தான்.

எண்பத்தோராம் ஆண்டு அது. காலிதீன் முதலாளியின் மருந்துக்கடையில் ஜவுபர் உதவிக்கு நின்றான். அங்கிருந்த மருந்தாளர் வயது போய் விலகப் போகிறார். அடுத்த தடவை பாஸானால் அந்த இடம் உனக்கு, இல்லாவிட்டால் மட்டக்களப்பிலிருந்து ஆள் எடுப்பேன் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மச்சான் மர்சூக் வேறு, விசா இருக்கிறது, வா வா என்று சவூதியிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தான். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. றாஹிலாவை விட்டுப் போவதை நினைத்தாலே ஜவுபருக்குச் சோறு இறங்காது. இதை வெளியில் சொல்லவும் முடியாது. பெண்சாதி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று சிரிப்பார்கள்.

முந்தானை எங்கே கிடைத்தது பிடிக்க? அந்த ஊர்களில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் இருப்பான். புது மாப்பிள்ளைக்கு முன் மண்டபத்தில் பாய் விரித்து, சோறு கறியெல்லாம் பரப்பி வைப்பார்கள். ராசா மாதிரித் தனியே இருந்து தின்ன வேண்டும். மாப்பிள்ளை பெண்கள் சமைக்கிற குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தால் மரியாதை போய்விடும். பகலில் பெண்சாதியோடு நின்று கதைத்தால், எங்கோ ஒரு மூலையில் மாமியார் ஆசியா உம்மாவுக்கு இருமல் வரும்.

இந்தச் சட்டத்தைப் பரீட்சை வந்து உடைத்தது. கையைத் திருத்த வேண்டுமென்றால் எதிரே ஒருவர் இருந்து பார்க்க வேண்டும். ஆசியா உம்மாவும் யோசித்துப் பார்த்தார். மருமகன் கடல் கடந்து போனால் மகள் தனித்துப்போவாள். "சரி, உள்ளுக்கு வாங்க மருமகன்" என்று குசினியில் குந்தப் பலகை போட்டுக் கொடுத்தார்.

ஒவ்வொரு நாளும் கடைக்குப் போகுமுன் ஜவுபர் அங்கே குந்திவிடுவான். றாஹிலா தேங்காய் துருவியபடி எதிரே இருப்பாள். அவன் அளவுக் குவளையில் ஊற்றும் தண்ணீர் கோட்டைத் தொட்டதும் "போதும்" என்பாள். கை கேட்காது, சொட்டு விழும். அகப்பைக் காம்பால் விரலில் ஒரு தட்டு விழும். சில நாட்களில் அவன் வேண்டுமென்றே சொட்டு விட்டான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் தட்டினாள்.

பிறகு குசினியில் அளப்பதெல்லாம் அவன் பொறுப்பாயிற்று. ஒருநாள் அடுத்த வீட்டு சுஹறா ஒரு சுண்டு சீனி கேட்டு வந்தாள். ஜவுபர் அளவுச் சுண்டை நிரப்பி, மேலே விரலால் வழித்து, மட்டமாகக் கொடுத்தான். அஸர் தொழுகைக்கு முன்பே தெரு முழுக்கக் கதை பரவிவிட்டது: ஆசியா உம்மாவின் மருமகன் படித்துப் படித்துக் கஞ்சனாகிவிட்டான். மாமியாருக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. றாஹிலா சிரித்த சிரிப்பில் துருவிய தேங்காய் நிலத்தில் கொட்டியது. அவளுக்கு இப்படிச் சிரிக்க வரும் என்பதே அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. தலை நரைக்கத் தொடங்கிய பிறகும், எந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று யாராவது கேட்டால், பெயிலாகித் திரிந்த அந்த மாதங்களைத்தான் ஜவுபர் கேட்பான்.

இரண்டாம் முறை கொழும்பில் அதே மேசை, அதே பரிசோதகர். மருந்து கோட்டைத் தொட்டது. கை தானாகச் சரியப் பார்த்தது. "போதும்" என்று ஜவுபர் உரத்துச் சொல்லிவிட்டான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரிசோதகர் குனிந்து குவளையைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். அடுத்த மேசைக்குப் போனார்.

பாஸ் என்று அறிவித்தல் வந்த அன்று ஆசியா உம்மா கோழி அறுத்தார். மர்சூக்குக்கு, அந்த விசாவை வேறு யாருக்காவது கொடு என்று எழுதச் சொன்னார். பகல், பள்ளிவாசலுக்குப் போய் வந்த ஜவுபருக்கு முன் மண்டபத்தில் புதுப்பாய் விரித்திருந்தது. மருமகன் இனிப் பெரிய உத்தியோகக்காரர் அல்லவா. குசினியில் பலகையைக் காணவில்லை. கறிகளை மாமியாரே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். உள்ளே றாஹிலாவின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

சோற்றில் கை வைத்தவனுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. சோற்றுப் பீங்கானைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் போய் வெறும் நிலத்தில் இருந்தான். றாஹிலா பதறிப்போய் வாசலைப் பார்த்தாள்.

"எழும்பிப் போங்க, உம்மா வாறா."

"வரட்டும். நான் சவூதிக்குப் போகாம நிண்டது அங்க தனியா இருந்து தின்னவா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்கும் ஒரு பீங்கானில் சோறு போட்டு எடுத்துவந்து எதிரே இருந்தாள்.