முதுகு காட்டும் மரம்

போன்சாய் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் இந்த முறை "மரபு மீறிய பாணி" என்று ஒரு புதிய பிரிவு சேர்க்கப்படும் எனத் தலைவர் அறிவித்ததும் உறுப்பினர்கள் முப்பத்தொரு பேரும் கைதட்டினார்கள். தட்டி முடித்ததும், மரபை மீறுவதற்கான விதிமுறைகளை அவர் வாசிக்க ஆரம்பித்தார். அது முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

தலைவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காதில் விழாத தூரத்தில் எல்லோரும் அவரை முத்திரை என்றுதான் சொல்வார்கள். சங்கக் கையேட்டில் இருபத்தேழு விதிகள் உண்டு. அத்தனையும் அவர் எழுதியவை. அவற்றில் எதை மீற உத்தேசம், எவ்வளவு மீற உத்தேசம் என்று பத்து மாதம் முன்பே மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு மீறல்தான். அனுமதியில்லாமல் மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. வெற்றி பெறும் பாணி, கையேட்டின் அடுத்த பதிப்பில் ஒரு முழுப் பக்கத்தில், செய்தவர் பெயரோடு இடம்பெறும்.

இந்தக் கடைசி வரியில்தான் உறுப்பினர்களில் ஒருவரான பல் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஊர்ப் பிள்ளைகளின் கோணல் பற்களைக் கம்பி கட்டி நேராக்கியே அவருக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. நேரான பற்களில் யாரும் டாக்டர் பெயரை எழுதி வைப்பதில்லை. கையேட்டில் ஒரு பக்கம் என்றால் அது நின்று பேசும். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு விளக்கினார்.

"ஏழாம் விதி என்ன சொல்லுது? மரத்தோட உச்சி பார்க்கிறவங்களை நோக்கி லேசாக் குனியணும். வணக்கம் சொல்ற மாதிரி. ஏன் குனியணும்? மரம் ஏன் மனுஷனுக்குக் கும்பிடு போடணும்? என் மரம் பின்பக்கமா சாயும். முப்பது டிகிரி. பார்க்கிறவனுக்கு முதுகைக் காட்டும்."

"காசு குடுத்து டிக்கெட் வாங்கி வர்றவனுக்கு முதுகைக் காட்டுமா?" என்றாள் மகள்.

"அதான் கலை."

"எங்க காலேஜ் கேன்டீன்ல ஒருத்தர் தினமும் பண்றார்ப்பா. அவருக்கு இது கலைன்னு தெரியாது."

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "எதுலேருந்து முப்பது?" என்று மட்டும் கேட்டாள். அவர் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார். புரட்சியைப் பற்றிப் பேசும்போது இப்படியா கேட்பது?

ஒரு மாதத்தில் அனுமதி வந்தது. "ஏழாம் விதியை முப்பது டிகிரி அளவில், பின்புறமாக மீற இதன்மூலம் இசைவளிக்கப்படுகிறது." கீழே வட்ட முத்திரை. டாக்டர் அதைச் சட்டம் போட்டுக் கிளினிக்கில், பட்டச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

மரம், சுண்டுவிரல் தடிமனில் ஓர் அத்தி. சின்னது, சொன்னபடி வளையும் வயசு. மற்றவர்களாக இருந்தால் அலுமினியக் கம்பியைச் சுற்றி ஒரே நாளில் சாய்த்திருப்பார்கள். டாக்டர் மறுத்துவிட்டார். கட்டாயப்படுத்தி மீற வைத்தால் அது மீறலா? மரம் தானாகத் திமிர வேண்டும். பின்னறையில் மேற்குப் பார்த்த ஒரே ஒரு ஜன்னல். அதன் மேடையில் தொட்டியை வைத்தார். மரத்தின் முதுகு வெளிச்சத்துக்கு, முகம் அறைக்கு. மத்தியான வெயில் பின்னாலிருந்து இழுக்கும். மரம் வெயில் பக்கம் சாயும். பத்து மாதத்தில் முப்பது டிகிரி என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவியின் பையிலிருந்து கோணமானியை எடுத்து அளந்தார். முதல் மாதம் பூஜ்யம். இரண்டாம் மாதமும் பூஜ்யம். நான்காம் மாதம் மரம் ஒரு டிகிரி முன்பக்கம் குனிந்திருந்தது. கோணமானியில் கோளாறு என்று புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அதில் இரண்டு காட்டியது.

"இதுக்கு அடிமைப் புத்தி," என்றார் மனைவியிடம். "சுதந்திரம் குடுத்தாலும் கும்பிடுது."

"பாவம், அதை ஏன் திட்டறீங்க? நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கிறதுதான் பிரச்சினை."

எட்டாம் மாதம் அது அழகாக, அடக்கமாக, ஐந்து டிகிரி முன்னால் குனிந்து நின்றது. இலையெல்லாம் ஒரே பச்சை. டாக்டர் போட்டியிலிருந்து விலகிக்கொள்ளலாமா என்று தலைவருக்குப் போன் செய்தார்.

"அனுமதி வாங்கிட்டு மீறாம இருக்கிறதா?" தலைவரின் குரலில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "அப்படிப் பார்த்தா நான் போட்ட முத்திரைக்கு என்ன அர்த்தம் டாக்டர்?"

கண்காட்சிக்கு முதல் நாள், பல் அச்சு எடுக்கும் சாந்தில் டாக்டர் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு வார்த்து, தொட்டியின் நிறமே பூசினார். அதைத் தொட்டியின் முன்பக்கத்துக்கு அடியில் கொடுத்ததும் மரம் தொட்டியோடு சேர்ந்து பின்னால் சாய்ந்தது. அளந்தார். இருபத்தொன்பதரை. அரை டிகிரியைப் பரம்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். சட்டைப் பையில் ஏற்புரை தயாராக இருந்தது. "மீறல் என்பது வேர். மீறல் என்பது ஒளி. மீறாதவன் தொட்டியில் வாழ்கிறவன்" என்று தொடங்கி நான்கு பக்கம்.

மண்டபத்தில் புதிய பிரிவுக்கு மூன்று மேசைகள். முதல் மேசை காலி; அந்த உறுப்பினரின் விண்ணப்பத்தில் மூன்றாம் பிரதி இல்லை. இரண்டாவதில் ஆடிட்டர் ஒருவர். தொட்டி மரத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது என்ற பதினோராம் விதியை அவர் மீறியிருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு ஒரு தொட்டி; நட்டநடுவில் பட்டாணி உயரத்தில் ஏதோ ஒன்று. பார்க்கிறவர்கள் வசதிக்காக நூலில் ஒரு பூதக்கண்ணாடி கட்டித் தொங்கவிட்டிருந்தார். மூன்றாவது நம் டாக்டர். அவருக்குப் பின்னால் மனைவியும் மகளும்.

தலைவர் இரண்டு கமிட்டிக்காரர்களோடு வந்தார். ஒருவர் கையில் கோப்பு, இன்னொருவர் கையில் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம். டாக்டர் அந்த ரசமட்டத்தை எதிர்பார்க்கவில்லை. தொட்டியின் விளிம்பில் அதை வைத்ததும் உள்ளே இருந்த குமிழி ஒரு கோடிக்கு ஓடியது. தலைவர் குனிந்தார், அடியில் விரலை விட்டார், சாந்துத் துண்டை மெல்ல உருவினார். தொட்டி சமமாக உட்கார்ந்தது. மரம் முன்னால் வந்து, தலைவரைப் பார்த்து, பணிவாகக் குனிந்து நின்றது.

தலைவரின் முகம் இளகியது. பதவியில் இருந்த காலத்துக்குப் பிறகு யாரும் அவர் முன்னால் இவ்வளவு சரியான அளவில் குனிந்ததில்லை.

"மரியாதை தெரிஞ்ச மரம்," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா டாக்டர், விதியை மீறுறேன்னு எழுதிக் குடுத்துட்டு நீங்க மீறலை. இது விதிமீறல்."

"சார், வெயிலுக்கு முதுகைக் காட்டித்தான் வெச்சேன். பத்து மாசம். அறிவியல்படி இது சாஞ்சிருக்கணும்."

"ஐயோ, அதுக்காகவா அப்படி வெச்சீங்க?" என்றாள் மனைவி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"முன்பக்கத்து இலையெல்லாம் பழுத்துக் கொட்டுச்சுங்க. பார்க்கச் சகிக்கலை. அதான் மத்தியானம் ஸ்கூல்லேருந்து வந்ததும் முகம் வெயிலைப் பார்க்கிற மாதிரி திருப்பி வெப்பேன். உங்களுக்கு முகம் அறையைப் பார்த்து இருக்கணுமேன்னு ஆறு மணிக்குத் துணி எடுக்க வர்றப்போ மறுபடி திருப்பிடுவேன்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை இல்லை. அன்னைக்கு நீங்க அதை விட்டு நகரவே இல்லையே."

மகள் பூதக்கண்ணாடியை எடுத்து ஆடிட்டரின் தொட்டியைத் தீவிரமாக ஆராயத் தொடங்கினாள். அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்களும் சொல்லியிருக்கலாம். சுதந்திரம், திமிர்னு பேசினீங்களே தவிர, வெயில்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

கமிட்டி மேடைக்குப் பின்னால் போய் நாற்பது நிமிஷம் கூடியது. வெளியே வந்து தலைவர் தீர்ப்பை வாசித்தார். உறுப்பினர் அல்லாதவர் மரத்தைத் திருப்பியது இரண்டாம் விதிக்கு முரணானது. அது மீறல்தான், ஆனால் விண்ணப்பிக்காத மீறல். எனவே மரபு மீறிய பிரிவிலிருந்து மரம் நீக்கப்படுகிறது. அந்தப் பிரிவில் முதல் பரிசு ஆடிட்டருக்கு. அதே நேரத்தில், கமிட்டி இந்த மரத்தை மற்ற இருபத்தைந்து விதிகளோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒரு குறையும் காணவில்லை. ஏழாம் விதியின்படி குனிவது ஐந்து டிகிரி என்பது தலைவரே நினைத்து வைத்திருந்த அளவு. இரண்டாம் விதியைத் தலைவர் தன் அதிகாரத்தில் ஒருமுறை மன்னிக்கிறார். மரபுப் பிரிவில் முதல் பரிசு டாக்டருக்கு.

டாக்டர் மேடையேறினார். பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். பையிலிருந்து காகிதத்தை எடுத்தார், முதல் வரியைப் பார்த்தார், ஒரு நொடி யோசித்தார்.

"மரபு என்பது வேர்," என்று தொடங்கினார். "மரபு என்பது ஒளி. மரபில்லாதவன் தொட்டியில் வாழ்கிறவன்."

நான்கு பக்கமும் அப்படியே பொருந்தின. ஓரிடத்தில் மட்டும் மாற்ற மறந்து "மீறுவோம், மீறிக்கொண்டே இருப்போம்" என்று வாசித்துவிட்டார். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைவர் முதலில் எழுந்து நின்றார்.

இரண்டு மாதத்தில் கையேடு வந்தது. ஆடிட்டர் பாணிக்கு முப்பத்திரண்டாம் பக்கம் முழுசாக. படத்தில் தொட்டி மட்டுமே தெரிந்தது. ஏழாம் விதியின் கீழே, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக அத்தியின் படம். அதனடியில் டாக்டரின் பெயரும் பட்டமும் போட்டு, "எந்த விதியையும் மீறாதவர்" என்று அச்சடித்திருந்தார்கள்.

டாக்டர் அதை விளக்கு வெளிச்சத்தில் மூன்று தடவை படித்தார். கோபப்படப்போகிறார் என்று மனைவி காத்திருந்தாள்.

"பட்டத்தைச் சரியாப் போட்டிருக்காங்க," என்றார் அவர். "கிளினிக்குக்கு ஒரு பத்துப் பிரதி சொல்லிடறேன்."